வாயில் நுழையாத பெயர்: குவென்ஃலியன்

பெயரைத் தப்பாகக் கூப்பிட்ட அனுபவங்களை எல்லாரும் எழுதுவதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பாட்டி நினைவு வந்துவிட்டது. நான் வேல்ஸின் தென்மேற்கில், கார்மார்தன்ஷயர் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சேர்ந்த புதிதில் ஒரு இரவு ஷிப்ட். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி ஜன்னல் ஓரக் கட்டிலில் அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். சார்ட்டில் இருந்ததை எழுத்துக் கூட்டி "குவென்லியன்" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் திரும்பாததால் காது மந்தம் என்று நோட்ஸில் எழுதவே போய்விட்டேன். அப்போது பக்கத்துக் கட்டிலில் மாத்திரை டப்பா மெதுவாகத் திறந்த சத்தம், சட்டென்று திரும்பிப் பார்த்தார்! காது நன்றாகவே கேட்கிறது, நான் சொன்னது அவர் பெயராக இல்லை, அவ்வளவுதான்.

வெட்கமாகப் போய்விட்டது. சரி, சுருக்கி 'குவென்' என்று கூப்பிடலாமா என்று கேட்டேன். "இல்லை கரியட், குவென் என் அத்தை" என்றார். கரியட் என்றால் அன்பே, கண்ணே என்கிற மாதிரி, இங்கே பெரியவர்கள் யாரையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

சிக்கல் முழுக்க நடுவில் வரும் அந்த எழுத்தில்தான். ஆங்கில எல் இரண்டு போட்டு எழுதினாலும் வேல்ஸின் மொழியான வெல்ஷில் அது ஒரே எழுத்து, குறுக்கெழுத்துப் போட்டியில்கூட ஒரே கட்டத்தில்தான் எழுதுவார்கள். பாட்டி சொல்லிக் கொடுத்தது இப்படி: 'ல்' சொல்ல நாக்கை எங்கே வைப்போமோ அங்கேயே வை, குரலை நிறுத்து, அப்படியே ஊது. காற்று நாக்கின் ஓரமாக, கடைவாய்ப் பல் பக்கம் வெளியே வர வேண்டும். ஊசிக் குழாய் ஒட்டியிருந்த கையைத் தூக்கித் தன் கன்னத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் வருகிறது பார் என்று ஊதிக் காட்டினார். நமக்கு இரண்டு எல் பார்த்தால் நாக்கு தானாக மடிந்து 'ள'வுக்குப் போய்விடுகிறது, அதை விட்டொழிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. தமிழில் இதற்கு எழுத்து இல்லை. ஆய்தத்துக்குப் பின் வல்லினம்தான் வரும் என்று தெரியும், ஆனாலும் அந்த மூச்சைக் காட்ட 'ஃல' என்று எழுதிக்கொள்கிறேன். மூன்று அசை, அழுத்தம் நடுவில்: குவென்-ஃலி-யன்.

அர்த்தம் கேட்டபோது போர்வையைத் தொட்டுக் காட்டினார். குவென் என்றால் வெண்மை, புனிதம் என்றும் பொருள் உண்டு. பின்பாதி 'ஃலியைன்' என்ற சொல்லோடு சேர்ந்தது, ஆளிச்செடி நார்த் துணி, லினன். வெள்ளைத் துணி போன்றவள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயரில் சரித்திரத்தில் இரண்டு பேர் முக்கியம். ஒருத்தி வடக்கே பிறந்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். 1136-ல் கணவர் உதவி கேட்டு வடக்கே போயிருந்தபோது இங்கிலாந்தைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த நார்மன்களை எதிர்த்துப் படை நடத்தி கிட்வெல்லியில் உயிரை விட்டவள். அந்த இடத்துக்கு இன்றும் மைஸ் குவென்ஃலியன், அதாவது குவென்ஃலியன் வயல் என்றுதான் பெயர்.

இன்னொருத்தியின் கதைதான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. வேல்ஸ் இளவரசர் ஃலவெலினின் ஒரே மகள், 1282-ல் பிறந்தாள். பிரசவத்திலேயே தாய் போனார், அதே ஆண்டு டிசம்பரில் தந்தையும் கொல்லப்பட்டார். இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் அந்தக் கைக்குழந்தையைத் தன் நாட்டின் லிங்கன்ஷயரில் செம்பிரிங்காம் மடத்துக்கு அனுப்பிவிட்டான், பின்னால் அவளுக்குக் கல்யாணம், வாரிசு என்று எதுவும் வந்துவிடக் கூடாது என்று. 1337-ல் அங்கேயே கன்னியாஸ்திரியாக இறந்தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல்! வெல்ஷ் பேசுகிறவர்களே இல்லாத இடம். ஆங்கிலேயர் ஏடுகளில் அவள் பெயர் வென்சிலியன், வென்ட்லியான் என்றெல்லாம் கிடக்கிறது. பாட்டி இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. "பாவம், அவள் பெயரை யாராவது ஒருநாளாவது சரியாகக் கூப்பிட்டிருப்பார்களா?" என்று கேட்டார். நான் மூன்று முறை தப்பாகக் கூப்பிட்டவள், என்ன பதில் சொல்வது. வடக்கே எரிரி மலைத்தொடரில், ஃலவெலின் பெயருள்ள சிகரத்துக்கு அருகே இருக்கும் ஒரு மலைக்கு 2009-ல் இவள் பெயர் வைத்தார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் நாள் காலையில் கட்டிலருகே போய்க் கூப்பிட்டேன். மூச்சு கொஞ்சம் அதிகமாகிவிட்டது, சீறல் மாதிரி வந்தது, ஆனாலும் "ஆங், நான்தான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் இந்த வாரம் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார், பெயர் ஃலினோஸ், ஒரு சின்னப் பாடும் பறவையின் பெயர். வாசலில் நின்றபடியே கூப்பிட்டேன். உடனே திரும்பினார்.