3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஊரில் விளையாட்டுக் குழு: எதில் தொடங்குவது?

வேப்பமரத்தடி:
எங்கள் ஊரில் அங்கன்வாடி இருக்கிறது. அதில் சேரும் வயது வராத பிள்ளைகள் பத்துப் பேர் வீட்டுக்குள் செல்போனோடு கிடக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் சேர்த்து விளையாட வைக்க ஆசை. கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. இடம், நேரம், சாமான் பற்றிச் சொல்லுங்கள்.

ஊராட்சிப்பணி:
முதலில் இடம், அக்கா. ஒருவர் வீட்டுத் திண்ணையும் வேண்டாம், கோவில் மண்டபமும் வேண்டாம். காலனிப் பிள்ளைகள் தயங்காமல் நுழையும் இடமாக இருக்க வேண்டும். முதல் வாரத்தில் வராத தெரு அப்புறம் வராது. சமுதாயக் கூடமோ மகளிர் குழுக் கட்டடமோ கேளுங்கள். தலைவரிடம் வாய்ச்சொல் வாங்கினால் போதாது. கிராம சபையில் மனு கொடுத்துத் தீர்மானமாகப் பதியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாமே சபை கூடும் நாட்கள்.

காலையில் களையெடுப்பும் நூறு நாள் வேலையும் இருக்கும். மாலை 4 முதல் 5.30 வரை வையுங்கள். அம்மாவோ பாட்டியோ அப்பாவோ கூடவே இருக்க வேண்டும். விட்டுவிட்டுப் போக அனுமதித்தால் அது காப்பகம் ஆகிவிடும், பொறுப்பும் விதிகளும் வேறு.

சொப்புச்சாமான்:
பணத்தில் பாதியைத் தொடாதீர்கள். 2 வயதுப் பிள்ளைக்குப் பகிரத் தெரியாது, அதட்டியும் பயனில்லை. அதனால் மூன்று விதப் பொம்மைக்குப் பதில் ஒரே பொம்மை மூன்று வாங்குங்கள், பாதிச் சண்டை நிற்கும். மிச்சத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சிரட்டை, அட்டைப்பெட்டி, மூடியுள்ள டப்பா, பழைய சேலை போதும்.

பிசைந்து விளையாடும் மாவுருண்டைக்கு மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், எண்ணெய் 2 ஸ்பூன், தண்ணீர் முக்கால் டம்ளர் அளவு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் கையில் ஒட்டும். உப்பு அதிகம், விழுங்கக் கூடாது. வாயில் வைக்கும் வயதுக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவு கொடுத்து அன்றே கொட்டிவிடுங்கள்.

மணலைச் சலித்துப் போட்டு, முடிந்ததும் தார்ப்பாயால் மூடுங்கள். மூடாவிட்டால் பூனை அசுத்தம் செய்யும், பிள்ளைகளுக்குக் குடற்புழு வரும்.

செவிலி:
கலர் சோடா பாட்டிலின் தகர மூடி 3.2 செ.மீ. அகலம் இருக்கும். அதைவிடச் சிறியது எதுவும் வேண்டாம். புளியங்கொட்டை தொண்டையில் அடைக்கும். குன்றிமணி கடுமையான விஷம். வேர்க்கடலை, சுண்டல், முறுக்கு தவிர்த்து வாழைப்பழம், மசித்த சர்க்கரைவள்ளி கொடுங்கள். தண்ணீர் விளையாட்டுக்கு அகலத் தாம்பாளத்தில் இரண்டு அங்குலம் போதும், பக்கத்திலேயே ஒருவர் உட்கார வேண்டும், முடிந்தவுடன் கவிழ்த்துவிட வேண்டும். வாளியில் தேங்கிய தண்ணீரிலேயே குழந்தை மூழ்கிவிடும். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் கழித்தே சேருங்கள்.

வேப்பமரத்தடி:
நன்றி. கைக்குழந்தைகளையும் சேர்க்கலாமா?

சொப்புச்சாமான்:
சேர்க்கலாம். சுவரோரம் தனிப்பாய் விரித்து, ஓடுகிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் பெரியவர்களை உட்கார வையுங்கள்.