பணம் இன்னும் வரவே இல்லை, 'காட்' எப்படி வரும்? செகண்ட் கண்டிஷனல் சந்தேகம்

கேள்வி:
அடுத்த மாதம் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங் இருக்கிறது. பயிற்சியில், திடீரென்று ஒரு கோடி ரூபாய் கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள், நான் 'இஃப் ஐ வில் கெட்' என்று ஆரம்பித்தேன். இஃப் பக்கத்தில் வில் வராது என்றார் சார். சரி என்று 'இஃப் ஐ கெட், ஐ வில் பை' என்றால், அதுவும் இல்லையாம், 'இஃப் ஐ காட், ஐ வுட் பை' என்று சொல்ல வேண்டுமாம், இந்த அமைப்புக்குப் பெயர்தான் செகண்ட் கண்டிஷனலாம். வராத பணத்துக்கு எதற்கு இறந்தகாலம்? விதி மனப்பாடம்தான், வாயைத் திறந்தால் வில்தான் வருகிறது.

பதில் 1:
தம்பி, நீங்களே 'கிடைத்தால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிரித்துப் பாருங்கள். 'கிடைத்தது' என்பதில் உள்ள அதே 'கிடைத்த்', அதன் மேல் 'ஆல்'. வந்தால், போனால், பெய்தால் எல்லாமே இப்படித்தான். நாளைக்கு மழை பெய்தால் என்னும்போது நேற்றைய மழையா நினைவுக்கு வருகிறது? 'காட்' கூட அப்படித்தான், கற்பனை என்பதற்கான அடையாளம். சிக்கல் என்னவென்றால் நமக்கு நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் 'கிடைத்தால்' ஒன்றே போதும், ஆங்கிலத்தில் பிரிக்க வேண்டும். ஒன்றாம் தேதி சம்பளம் வந்தால்: கெட், வில். லாட்டரி விழுந்தால்: 'வன்' ('வின்' என்பதன் இறந்தகாலம்), வுட். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், அதனால் நமக்கு வுட் மட்டும்தான்!

கேள்வி கேட்டவர்:
அட, இத்தனை நாள் கவனிக்கவே இல்லை அண்ணா. அப்போ 'இஃப் ஐ வேர்'? ஐ என்றால் வாஸ்தானே?

பதில் 2:
பேச்சில் வாஸ் சொல்கிறவர்கள் நிறைய பேர். தேர்வில் வேர் என்றே சொல்லிவிடுங்கள், 'இஃப் ஐ வேர் யூ' என்பதை மட்டும் எங்கேயும் மாற்ற வேண்டாம். இன்னொன்று, வேகமாகப் பேசும்போது 'ஐ வுட்' என்பது 'ஐட்' என்று சுருங்கிவிடும், கடைசி 'ட்' காதில் விழாததால்தான் நமக்கு அது பழகுவதே இல்லை. வாய்க்குப் பழக, முடித்த வாக்கியத்தின் வாலைப் பிடித்து அடுத்ததை ஆரம்பியுங்கள்: 'இஃப் ஐ ஹேட் எ பைக், ஐட் கோ டு ஊட்டி. இஃப் ஐ வென்ட் டு ஊட்டி, ஐட் கேட்ச் எ கோல்ட்.' கோ அடுத்த வரியில் வென்ட் ஆகிறது பாருங்கள், அங்கேதான் நாக்கு மாட்டும்.

கேள்வி கேட்டவர்:
போனில் ரெக்கார்ட் செய்து பார்த்தேன். 'இஃப் ஐ காட் எ கோல்ட், ஐட் ஸ்டே அட் ஹோம். இஃப் ஐ ஸ்டேட் அட் ஹோம், ஐட் ஸ்லீப்.' நாலு வரி தாண்டியது, ஐந்தாவதில் மறுபடியும் வில்!