தப்புச் சத்தம் கேட்டு வந்தவர்கள்

கீரனூர்ப் பக்கத்திலிருந்து:

ஊர்ப் பொது நிகழ்ச்சிகளில் சந்தித்த, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்றதும் எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

1991ஆம் ஆண்டு. பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டுதான் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே கேரளத்தில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகியிருந்தது. நம்மாலும் முடியும் என்ற வேகம் எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. என் கையில் ஓர் அரிக்கேன் விளக்கு, கொஞ்சம் சிலேட்டுகள், மூன்று பாகப் பாடப்புத்தகம். அந்தப் புத்தகம் அ, ஆ என்று தொடங்காது. தெரிந்த சொல்லிலிருந்து எழுத்துக்குக் கூட்டிப்போகும். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். "வருகிறோம் தம்பி" என்பார்கள். வரமாட்டார்கள். பகல் முழுக்க நாற்று நட்டு இடுப்பொடிந்தவர்களை ராத்திரி சிலேட்டைத் தூக்கச் சொன்னால் எப்படி வருவார்கள்?

பிறகு ஒரு மாலை கலைக்குழு வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தப்புப் பறையைக் காய்ச்சத் தொடங்கியபோதே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அடி விழுந்ததும் ஊரே வந்தது. நாடகத்தில் கதை சின்னதுதான்: கடன் வாங்கப் போனவன், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் பெருவிரலை ஊன்றுகிறான். கணக்குப்பிள்ளையாக நடித்த பையன் அந்த விரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தும்போது கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ராத்திரி வகுப்புக்குப் பதினோரு பேர் வந்தார்கள். கடைசியாக வந்து தூணோரம் உட்கார்ந்த ஆத்தாவுக்கு அறுபது வயதிருக்கும். மடியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பத்திரத்தை எடுத்துக் காட்டினார். "நான் படித்துச் சொல்லவா ஆத்தா?" என்று கையை நீட்டினேன். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் அடுத்தவர்கள்தான் படித்துச் சொன்னார்கள். நானே படிக்க வேண்டும்."

நான்கு மாதம் ஆயிற்று. 'க' அவருக்கு எளிதில் வரவில்லை. சுழியைத் திருப்பும் இடத்தில் பலப்பம் நின்றுவிடும். எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒருநாள் மற்றவர்கள் போன பிறகு பத்திரத்தைத் தரையில் விரித்தார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. "கி... ர... ய..." அங்கே நின்றுவிட்டார். அந்த நிலம் அடமானத்தில் இருக்கிறது, கடனை அடைத்தால் மீளும் என்றுதான் அவர் குடும்பம் அத்தனை காலமும் நம்பியிருந்தது. பத்திரத்தில் இருந்தது கிரயம். விற்றாகிவிட்டது.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் அழவில்லை. துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்து எடுத்துக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் ராத்திரி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினோம். அதன் கீழே முழுப்பெயரையும் அவரே எழுதினார். மைப்பெட்டியை நீட்டிய ஊழியரை அவர் ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

திருமயத்திலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா கல்லுடைக்கும் வேலை செய்தவர். அறிவொளியில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்து வந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை இயக்கத்தின் வேலையாகவே ஆக்கிவிட்டார். வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கண்மாய்க் கரைக்குப் போவார்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவதும் பெண்கள்தான். அம்மா முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த அன்று அப்பத்தா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டே திட்டித் தீர்த்தார். மறுநாள் காலையில் அம்மாவை எழுப்பிவிட்டதும் அதே அப்பத்தாதான்.

பெண்கள் ஓட்டும் சைக்கிள் கடைகளில் போதவில்லை. அதனால் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. காரணம் நான்தான்: குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். துண்டைச் சுற்றிக் கட்டி என்னை அதில் ஏற்றிக்கொள்வார். காற்று முகத்தில் அடிக்கும், அம்மாவின் மூச்சு உச்சந்தலையில் படும். பள்ளிக்கூடத்துக்கு நான் போன முதல் வாகனம் அது.

அறந்தாங்கியிலிருந்து:

நான் கேட்க வந்தது வேறு. எங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒரு ஞாயிறு காலை. நோட்டீஸ் ஒட்டுகிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எட்டுப் பேர் வருகிறார்கள், அதே எட்டுப் பேர்தான் வருகிறார்கள். ஐந்து பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பெண்கள் ஒருவரும் இல்லை. என்ன செய்யலாம்?

திருச்சியிலிருந்து:

நான் போகும் கூட்டத்துக்குத் தப்பு அடித்து யாரையும் கூப்பிட முடியாது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் அது. குடியை விட விரும்புகிறவர்களுக்காக 1935இல் அமெரிக்காவில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியது. அவர்களின் மனைவிமார் 1951இல் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டது இது. கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, மருந்துக்கடை வரிசையில் நின்ற ஓர் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் கிழமையும் நேரமும் எழுதிக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரம் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். தெரிந்தவர் யாராவது இருந்தால்? நான்காவது வாரம் உள்ளே போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், வட்டமாக. ஊர், சாதி, வேலை எதையும் கேட்கவில்லை, கட்டணமும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. இந்த இரண்டாவது விதிதான் என்னைக் காப்பாற்றியது. ஒன்பது வருஷமாக எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் யாருமில்லை. என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னேன். பிறகு வாய் வரவில்லை. முழுதாக ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா தன் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் நான் திரும்பி நிற்காமல் உள்ளே போனேன்.

அறந்தாங்கி அண்ணனுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நோட்டீஸ் என்னை அழைத்து வரவில்லை. அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்த கை அழைத்து வந்தது.

கீரனூர்ப் பக்கத்திலிருந்து:

தங்கச்சி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அறந்தாங்கித் தோழருக்கு என் யோசனை: முதலில் ஞாயிறு காலையை மாற்றுங்கள். வீட்டில் கறி வேகும் நேரத்தில் பெண்கள் எப்படி வருவார்கள்? நூலகத்துக்கு வெளியே, நூறுநாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையிலோ தண்ணீர்க் குழாயடியிலோ ஒரு மாலை கூடுங்கள். புத்தக விமர்சனம் வேண்டாம். ஒரு கதையை உரக்க வாசியுங்கள், நடுவில் நிறுத்தி "இது உங்களுக்கு நடந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். பிறகு நீங்கள் பேசாதீர்கள்.

அன்றைய கலைக்குழுவில் இருந்த இருவர் இன்னும் தப்பு அடிக்கிறார்கள். வயதாகிவிட்டது, கை தளரவில்லை. பஸ் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள், அழைத்து வருகிறேன். காய்ச்சுவதற்கு ஒரு கட்டு வைக்கோல் எடுத்து வையுங்கள்.