மறு: 'சமிக்ஞைப் பாதை'க்குப் பதில் 'ஏவல் தொடர்'

வணக்கம் ஐயா,

> 'சமிக்ஞைப் பாதை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதிதாக எதற்கு?

செல்லுக்குள் ஒரு செய்தி கைமாறிப் போகும் வரிசைக்கு (signalling pathway) அந்தப் பெயர் இருக்கிறது, சரிதான். ஆனால் பாதை என்றதும் அதில் ஏதோ நடந்து போகிறது என்றுதான் படும். இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைப் பாருங்கள், 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டறிந்தது. டிங்கி (டெங்கு) வைரஸ் புகுந்த செல் அதை வெளியே விடுகிறது. அது பக்கத்துச் செல்லின் மேலுள்ள ஏற்பியை (receptor) பிடித்துக்கொள்வதோடு சரி, உட்கருவுக்குப் போவதில்லை. ஏற்பியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜாக் (JAK) நொதிகள் உடனே விழித்து, ஸ்டாட் (STAT) புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அப்புறம் ஸ்டாட்1, ஸ்டாட்2 இரண்டும் ஜோடி சேர்ந்து, இன்னொரு புரதத்தையும் கூட்டிக்கொண்டு உட்கருவுக்குள் போய், வைரஸை எதிர்க்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன.

அந்தக் காலத்து ரப்பர் தோட்டப் பெரட்டு மாதிரிதான், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பார்களே, அது. தோட்டத் துரை சொன்னதைக் கிராணி (எழுத்தர்) தண்டலிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்வார், தண்டல் ஆட்களை ஏவுவார். துரை மரங்களின் நிரைக்குள் இறங்கமாட்டார்.

ஆகவே 'ஏவல் தொடர்'. எங்கள் மலேசியச் சுங்கை சிப்புட் பக்கம் ஏவல் என்றால் செய்வினைதான் ஞாபகம் வரும், தெரியும். கோயில் மண்டபத்தில் டிங்கி பற்றிப் பேசினால் ஒருவராவது எலுமிச்சம்பழத்தை இழுப்பார். இழுக்கட்டும், 'தொடர்' சேர்ந்ததும் பொருள் தெளிந்துவிடும்.

தொடர் என்று வைத்தால் கண்ணி அறுவதையும் பேசலாம். டிங்கி வைரஸ் செய்வதே அதுதான். அதன் என்எஸ்5 புரதம் ஸ்டாட்2-ஐப் பிடித்து, செல்லின் சொந்தக் கழிவகற்றும் ஏற்பாட்டை வைத்தே சிதைத்துவிடுகிறது. இன்டர்ஃபெரான் வாசலில் வந்து நிற்கும், உள்ளே ஏவலைக் கொண்டுபோக ஆளிருக்காது. முடக்குவாதத்துக்குத் தரும் டோஃபாசிட்டினிப் மாத்திரை தடுப்பதும் இதே தொடரில் ஒரு கண்ணியைத்தான், ஜாக்கை. அங்கே வேண்டாத ஏவலை அடக்குவது நோக்கம். அதை எடுப்பவர்களுக்கு வைரஸால் வரும் அக்கியின் வாய்ப்பு கூடுவது ஏன் என்று இனி யாருக்கும் எளிதாக விளக்கலாம்.

இதற்கே அக்கா சொன்ன 'அடுக்கருவி' (cascade) காதுக்கு இனிமை. ஆனால் அருவி தானாக விழுவது, இங்கே ஒவ்வொன்றும் அடுத்ததைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

ஜாக், ஸ்டாட் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். ஏற்பியும் இருக்கட்டும். 'பாஸ்பேட்டேற்றம்' மட்டும் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. நல்லதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.