குக்கரைத் திருப்பி அனுப்பச் சொல்லி மெயில் வந்திருக்கிறது, அனுப்பலாமா?

ஈரோட்டுக்காரி:
போன கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள். அம்மா குக்கரில் துவரம்பருப்பு வைத்திருந்தார். 5 லிட்டர், ஆன்லைனில் 1,149 ரூபாய்க்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப நேரமாக விசிலே வரவில்லையே என்று அடுப்பைக் குறைக்கப் போயிருக்கிறார், மூடி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. தனியார் மருத்துவமனையில் 9 நாள், 86,000 ரூபாய். இன்னும் அந்தக் கையால் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. கூரையில் பருப்பு அடித்த மஞ்சள் கறை இரண்டு தடவை வெள்ளையடித்தும் தெரிகிறது.

இப்போது வாங்கிய தளத்திலிருந்து மெயில். அந்த மாடலுக்கு ஐஎஸ்ஐ இல்லையாம், திருப்பிக் கொடுத்தால் முழுத் தொகையும் தருவார்களாம். 1,149 ரூபாய்! "சனியன் தொலையட்டும், குடுத்துடு" என்கிறான் அண்ணன். மருத்துவச் செலவைக் கேட்க வழி உண்டா?

இதையும் சொல்லிவிடுகிறேன்: விபத்துக்கு மூன்று மாதம் முன்பு கேஸ்கட்டை உள்ளூர்க் கடையில் மாற்றியிருந்தோம்.

கோர்ட்டுவாசல்:
குக்கரைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. உங்கள் வழக்குக்கு அதுதான் சாட்சி. அது போய்விட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் "எந்தக் குக்கர்?" என்று கேட்பார். மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்ல முடியும். பொருள் கையில் இருந்தால்தானே?

குக்கரின் விலை வேறு, காயத்துக்கான இழப்பீடு வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள் பொருள் பொறுப்பு, அதாவது பழுதான பொருளால் வந்த தீங்குக்குத் தயாரித்தவரும் விற்றவரும் பதில் சொல்வது பற்றிய தனி அத்தியாயம். உடல் காயம், மன வேதனை எல்லாம் அதில் அடக்கம். பணத்தை வாங்குவதாக இருந்தாலும் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையெழுத்தோ ஓகேயோ கூடாது.

2021 பிப்ரவரி 1 முதல் வீட்டுப் பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ கட்டாயம். அதை மீறி 2,265 குக்கர்கள் விற்க இடம் கொடுத்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு 1 லட்சம் அபராதம் போட்டு, பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கச் சொன்னது. அந்த விற்பனையில் கட்டணமாக மட்டும் அவர்களுக்கு வந்தது 6 லட்சத்துக்கு மேல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த மெயிலே கையிலிருக்கும் நல்ல ஆவணம், அச்செடுத்து வையுங்கள்.

காயம்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. ஈரோட்டிலேயே போடலாம். தயாரித்தவர், விற்றவர், தளம் மூவரையும் சேருங்கள். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டிருந்தால் அதன் காப்பி, கை ஆறிவரும்போது எடுத்த படங்கள் எல்லாம் வேண்டும்.

கேஸ்கட்டை மறைக்காதீர்கள். தவறாகப் பயன்படுத்தினார், மாற்றினார் என்று விற்றவர் தப்பிக்க 87-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. கட்டாயம் அதைப் பிடிப்பார்கள்.

குக்கர்டாக்டர்:
28 வருஷமா குக்கர் ரிப்பேர் பார்க்கிறேன். அக்கா, மூடியைத் திருப்பிப் பாருங்க. வெயிட் உட்காருற குழாய்க்குள்ள பருப்புத் தோல் அடைச்சிருக்கா? அடைச்சா விசில் வராது, அது சகஜம். அப்படி ஆகும்போது காப்பாத்தத்தான் சேஃப்டி வால்வு. அது உருகியோ திறந்தோ ஆவியை விட்டிருக்கணும். உங்க வால்வு முழுசா இருந்தா கேள்வி அங்கதான். பழைய கேஸ்கட்னா பெரும்பாலும் ஓரத்துல ஆவி கசியும், பிரஷரே ஏறாது. ஆனா அளவு மாறின கேஸ்கட்னா மூடி சரியா உட்கார்ந்திருக்காது, அதையும் பாருங்க.

கழுவிடாதீங்க, ஊசி விட்டுக் குத்தாதீங்க. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா மேல ஐஎஸ் 2347, கீழ சிஎம்/எல்னு லைசென்ஸ் நம்பர் இருக்கணும். ஐஎஸ்ஐ கொடுக்கிற பிஐஎஸ்ஸோட 'பிஐஎஸ் கேர்' ஆப்ல அந்த நம்பரைப் போட்டா யார் லைசென்ஸ்னு காட்டிடும்.

சும்மாஇரு:
1,149 ரூபாய் குக்கருக்குக் கோர்ட்டா? இழுத்தடிப்பாங்க. முதல்ல 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பாருங்க.

ஈரோட்டுக்காரி:
1915-இல் புகார் எண் கொடுத்துவிட்டார்கள். குக்கர்டாக்டர் அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்க்குள் பருப்புத் தோல் கறுத்து ஒட்டியிருக்கிறது. வால்வு அப்படியே புதுசு மாதிரி பளபளக்கிறது. கேஸ்கட் கடைக்காரர் பெட்டியில் இருந்ததும் அதே 5 லிட்டர் அளவுதான், 60 ரூபாய் பில் கிடைத்தது. கொரியர் பையன் இன்று வந்தான், குக்கரைக் கொடுக்காமல் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மூடி, வெயிட், கேஸ்கட் எல்லாவற்றையும் அப்பாவின் பழைய வேட்டியில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறோம். அம்மா அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.