வீட்டிலுள்ள பித்தளைத் தாரா, அவலோகிதர் சிலைகள்: மினுக்க முதல் என்ன பார்க்கோணும்?

குளக்கட்டு, கிளிநொச்சி

புத்தகயா, காத்மண்டு எண்டு போய் வாறவை கொண்டு வாற பித்தளைச் சிலைகள், தாரா, அவலோகிதர் மாதிரிப் பௌத்தர் கருணை வடிவா வணங்கிறவையின்ர சிலைகள், இப்ப எங்கட பக்கத்து வீடுகளிலயும் இருக்கு. ஆர் எவர் எண்டு தெரியாமல் சாமித்தட்டில வைச்சு, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோட சேர்த்துப் பழப்புளி போட்டு விளக்கிறது வழமையாப் போச்சு. சிலை கெடுறதும் அங்கதான். கையில எடுத்துப் பார்த்துப் பழகின ஆக்கள், கண்டதையும் அதுக்கான காரணத்தையும் இதில எழுதுங்கோ.

நெடுங்கேணி அக்கா

முதல்ல ஆர் எண்டு பாருங்கோ. லட்சுமி எண்டு பொட்டு வைச்சிருக்கிற சிலை கனக்கத் தாராவா இருக்கும். இடது கால் மடிஞ்சு, வலது கால் கீழ இறங்கி ஒரு சின்னத் தாமரையில ஊன்றியிருந்தால் அது பச்சைத் தாரா. கூப்பிட்ட உடன எழும்பி வாறதுக்குத்தான் அந்தக் கால் இறங்கியிருக்கு. வலது கை முழங்காலில வரதம், அதாவது வரம் குடுக்கிற முத்திரை, இடது கையில நீலோற்பலம். ரெண்டு காலும் மடிஞ்சு, நெற்றியிலயும் உள்ளங்கை உள்ளங்காலிலயும் கண் இருந்தால் வெள்ளைத் தாரா. முகத்தில மூண்டு, கையில ரெண்டு, காலில ரெண்டு, ஆக ஏழு கண்.

அவலோகிதரின்ர முடியில சின்ன அமிதாப புத்தர் இருப்பார். இனி வரப்போற புத்தர் எண்டு சொல்லுற மைத்திரேயருக்கு அதே இடத்தில தூபி. ஒரு முழங்காலை உயர்த்தி இருக்கிற அவலோகிதரை எங்கட குளக்கரை ஐயனார் எண்டு நினைக்கிறது லேசு, இருக்கிற விதம் அவ்வளவு கிட்ட வரும். முடியைப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஞானத்துக்குரிய போதிசத்துவர் மஞ்சுசிறீக்கு வலது கையில அறியாமையை வெட்டுற வாள், இடப்பக்கத் தாமரையில சுவடி. வயிறு பெருத்து, இடது கையில ஒரு பிராணியைப் பிடிச்சிருக்கிறவர் செல்வத்துக்குரிய ஜம்பாலர். அந்தப் பிராணி எலி இல்லை, மணி கக்குற கீரி. தொப்பையோட வாய் விட்டுச் சிரிக்கிறவர் புத்தரே இல்லை. அவர் 10ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி புதாய். மைத்திரேயரின்ர பிறப்பு எண்டு சீனர் கொள்ளுவினம்.

ஆர் எண்டு தெரிஞ்சால்தான் எந்த உறுப்பு தனிய செய்து பொருத்தினது எண்டும் தெரியும். வாள், பூத்தண்டு, பிரபை (பின்னால நிக்கிற ஒளிவட்டம்) இவை அனேகமாச் செருகினது அல்லது பற்றாசு வைச்சு ஒட்டினது. அதில பிடிச்சுத் தூக்கினால் கழண்டு வரும். ஒரு கை பீடத்துக்குக் கீழ, மற்றக் கை முதுகில.

வற்றாப்பளை ரோட்டு

அக்கா, பத்தினியையும் சேருங்கோ. தெற்கில பௌத்தர் வணங்கிற பத்தினியும் எங்கட கண்ணகை அம்மனும் ஒண்டுதான். பித்தளையில வந்தால் கையில சிலம்பு இருக்கோ எண்டு பாருங்கோ. படிச்ச ஆக்களே இதில தடுமாறியிருக்கினம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எடுத்து 1830இல பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போன பொன்முலாம் பூசின பெரிய சிலை தாரா. உயரம் 143 சென்ரிமீற்றர், உள்ளுக்கு வெறுமை இல்லாத முழு வார்ப்பு, 8ஆம் நூற்றாண்டு. அதையும் முந்திப் பத்தினி எண்டுதான் நினைச்சவை.

வார்ப்புவேலை, வவுனியா

அக்கா ஆளைச் சொல்லிப்போட்டா. நான் தோலை, அதாவது சிலையின்ர மேற்பரப்பைச் சொல்லுறன், மினுக்கிறதில முக்கால்வாசி அதுதான்.

பித்தளை எண்டால் செம்பும் நாகமும் (துத்தநாகம்). வெண்கலம் எண்டால் செம்பும் வெள்ளீயமும். கடையில பித்தளை எண்டு தாறதில மூண்டு விதம் இருக்கு: முழுப் பித்தளை, இரும்புக்கு மேல முலாம், நாகக் கலவைக்கு மேல முலாம். காந்தம் ஒட்டினால் இரும்புக்கு மேல முலாம். ஒட்டாட்டியும் பித்தளை எண்டு முடிவு கட்டாதேங்கோ, நாகக் கலவை வார்ப்பிலயும் காந்தம் ஒட்டாது. பீடத்தின்ர அடி விளிம்பில, கண்ணுக்குத் தெரியாத இடத்தில, ஊசியால ஒரு கீறு கீறிப் பாருங்கோ. உள்ளுக்கு மஞ்சளா இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமா இருந்தால் முலாம். முலாத்தைத் தேய்ச்சால் அது போய்விடும், திரும்ப வராது.

அடுத்தது, மேல என்ன பூசியிருக்கு. இந்தியாவில இருந்து வாற புதுச் சிலைக்கு அனேகமா வார்னிஷ் அடிச்சிருக்கும். பஞ்சில கொஞ்சம் அசிற்றோன் (நகப்பூச்சு அழிக்கிற திரவம்) தொட்டுப் பீடத்துக்கு அடியில தேய்ச்சால், பிசுபிசுத்து மஞ்சளாப் பஞ்சில வரும். வார்னிஷ் இருந்தால் மினுக்கவே தேவையில்லை, ஈரம் பிழிஞ்ச துணியால துடைச்சால் காணும். அதுக்கு மேல பிராசோ எண்ட மினுக்கித் திரவம் போட்டால் வார்னிஷ் அங்கங்க கிழியும். கிழிஞ்ச இடத்தில மட்டும் காத்துப் பட்டுக் கறுக்கும், பிறகு சிலை முழுக்க நாட்டுப்படம் மாதிரித் திட்டுத் திட்டா நிக்கும்.

நேபாளம், திபெத்து வேலையில முகத்தில பொன் தூளைப் பசையில குழைச்சுப் பூசியிருப்பினம். தலைமுடிக்கு நீலம், உதட்டுக்குச் சிவப்பு. அது தண்ணி பட்டாலே கரையும். அந்த முகத்துக்குக் காய்ஞ்ச மெல்லிய தூரிகை மட்டும்தான். தாராவின்ர முகத்தை ஈரத் துணியால ஒருக்காத் துடைச்சால் கண்ணே போயிடும், ஆரும் திரும்ப வரைஞ்சு அந்தப் பார்வையைக் கொண்டுவர ஏலாது.

மாங்குளத்தான்

வார்ப்பு அண்ணை, பீடத்துக்கு அடியில செப்புத் தகடு அடிச்சு மூடி, அதில சிலுவை மாதிரி ஒரு கோலம் கீறியிருந்தால்? அதைக் கழட்டி உள்ளுக்குக் கழுவலாமோ?

வார்ப்புவேலை, வவுனியா

கழட்டாதேங்கோ தம்பி. அது இரட்டை வச்சிரம், குறுக்கா வைச்ச ரெண்டு வச்சிராயுதம். உள்ளுக்கு மந்திரம் எழுதின கடுதாசிச் சுருள், தானியம், மணமான தூள், சில வேளை தாதுவும் (பெரியவையின்ர எச்சம்) வைச்சு, லாமா எண்ட திபெத்துத் துறவி ஓதி மூடினது. அதுதான் அந்தச் சிலைக்கு உயிர் குடுத்த இடம். சிங்கள விகாரையளில கடைசியாக் கண் திறக்கிற சடங்கு எப்பிடியோ, அவைக்கு இதுவும் அப்பிடித்தான். கழட்டினால் திரும்பப் பிரதிஷ்டை செய்ய வேணும். கடுதாசி உள்ளுக்கு இருக்கிறதால தண்ணியில தாட்டவும் கூடாது. ஈரம் இறங்கினால் உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிக்கும், உள்பக்கத்தால களிம்பு ஏறும், வெளியில ஒண்டும் தெரியாது.

நெடுங்கேணி அக்கா

பூச்சும் வார்னிஷும் இல்லாத, அடி மூடாத, வெறும் பித்தளைச் சிலைக்கு மட்டும் நான் சொல்லுற கழுவல்.

ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணி, சட்டி கழுவுற திரவ சவர்க்காரம் மூண்டு நாலு துளி. மெல்லிய பல்லுத் தூரிகையால முதல்ல மடிப்பு, பிறகு வெளிப்பக்கம். கற்பூரப் புகைக் கறுப்பு வெறும் கரி எண்டபடியால் சவர்க்காரத்துக்கே போகும், புளி தேவையில்லை. ரெண்டு தரம் நல்ல தண்ணியில அலசுங்கோ. எங்கட குழாய்க்கிணத்துத் தண்ணி வேண்டாம். கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுற அதே சுண்ணாம்பு சிலை மடிப்பிலயும் படியும். மழைத்தண்ணி பிடிச்சு வடிச்சு வைச்சால் நல்லம், இல்லாட்டிக் கடைசி அலசலுக்கு மட்டும் பற்றறிக்கு விடுற தண்ணி. உடன துடைச்சு அரை மணித்தியாலம் வெயிலில வையுங்கோ.

புளி போட்டே ஆகோணும் எண்டால் தேசிக்காய் அளவு பழப்புளியை அரைக் கோப்பை தண்ணியில கரைச்சு, பஞ்சால ரெண்டு மூண்டு நிமிசம், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊற விட்டால் பித்தளையில இருக்கிற நாகத்தைப் புளி தின்னும், செம்பு மட்டும் மிஞ்சி மேற்பரப்பு ரோசா நிறமா வரும். அதைக் கண்டு "நல்லாச் சிவந்திட்டுது" எண்டு சந்தோசப்படுறவை இருக்கினம். அது சிலை அரிஞ்ச அடையாளம். புளிக்குப் பிறகு ஒரு லீற்றர் தண்ணியில ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைச்சுக் கழுவி, திரும்ப அலசுங்கோ. புளியோட உப்புச் சேர்க்கவே கூடாது. சாம்பல், செங்கல் தூள், கரி ஒண்டும் வேண்டாம், மூக்கும் விரலும் வருசத்துக்கு வருசம் மழுங்கிப் போகும்.

வற்றாப்பளை ரோட்டு

உப்புக்குக் காரணம் நான் சொல்லுறன். கரையோரம் முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கம் காத்திலயே உப்பு வரும். கரும்பச்சையா, நகத்துக்கு அசையாமல் இறுகிப் படிஞ்ச களிம்பு பயமில்லை. வெளிர் பச்சையா, தொட்டால் மாவா உதிருற புள்ளி வந்து, துடைச்சுக் கொஞ்ச நாளில அதே இடத்தில திரும்ப வந்தால் அது வேற வியாதி. உப்பின்ர குளோரைட் உலோகத்துக்குள்ள இறங்கியிருக்கு. மாரியில ஈரம் கிடைக்க கிடைக்க அது அமிலமாகி உள்ளுக்குக் குடையும். கழுவினால் கூடும். காய்ஞ்ச தூரிகையால தட்டி, மற்றச் சிலைகளில இருந்து பிரிச்சு, மூடி இறுக்கமான ஒரு டப்பாவுக்குள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் மணிகளோட வையுங்கோ. மணி நிறம் மாறினால் சூடாக்கிக் காயவிட்டுத் திரும்பப் போடலாம்.

பொதி கட்டப் புதினக் கடுதாசியும் வேண்டாம், றப்பர் பாண்டும் வேண்டாம். றப்பரில கந்தகம் இருக்கு, அது பட்ட இடம் கறுப்புக் கோடா நிக்கும். கழுவிக் காய்ஞ்ச பழைய பருத்தி வேட்டித் துண்டு நல்லம்.

குளக்கட்டு, கிளிநொச்சி

வயல் செய்யிற வீடுகளுக்கு இன்னொண்டு. யூரியா மூட்டை அடுக்கிற அறையில சிலையை வைக்காதேங்கோ. ஈரம் பட்ட யூரியாவில இருந்து அமோனியா வரும். பிரித்தானியர் காலத்து இந்தியாவில, குதிரை லாயத்துக்குள்ள வைச்ச துப்பாக்கிப் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில தானா கீறல் விழுந்து பிளந்ததுக்கு, குதிரை மூத்திரத்தின்ர அமோனியாதான் காரணம். தட்டிச் செய்த பிரபை, மெல்லிய தகட்டு முடி இவைக்கு அந்த ஆபத்துக் கூட. மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரும் அப்பிடித்தான்.

மாங்குளத்தான்

தேங்காய் எண்ணெய் பூசி வைக்கலாமோ அண்ணை? வீட்டில அப்பிடித்தான் செய்யினம்.

வார்ப்புவேலை, வவுனியா

வேண்டாம். ஒரு கிழமை பளபளக்கும். பிறகு எண்ணெயில இருக்கிற கொழுப்பமிலம் செம்போட சேர்ந்து மடிப்புக்குள்ள பச்சை மெழுகாத் தேங்கும், சோளகத்துப் புழுதி முழுக்க அதில ஒட்டும். சந்தனமும் அந்த வகைதான், ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். பொட்டு வைக்கோணும் எண்டால் அண்டைக்கே துடைச்சு விடுங்கோ.

வெறும் பித்தளைக்கு மெழுகு நல்லம். எங்கட காட்டுத் தேன் எடுக்கிறவையிட்டத் தேன்மெழுகு வாங்கி, 20 கிராமைச் சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள வைச்சு உருக்கி, அடுப்பை நூத்து அப்பால கொண்டுபோய் 60 மில்லிலீற்றர் டேர்பன்டைன் விட்டுக் கலக்குங்கோ. நெருப்புக்குப் பக்கத்தில விட்டால் பத்தும். சிலையைப் பத்து நிமிசம் வெயிலில சூடாக்கி, பருத்தித் துணியில அரிசி அளவு எடுத்து மெல்லிசாப் பூசி, இருபது நிமிசம் விட்டுத் துடைச்சு எடுங்கோ. தடிப்பாப் பூசினால் புழுதி பிடிக்கும். வருசத்துக்கு ஒருக்கா, புரட்டாதியில, மாரி தொடங்க முதல்.

வற்றாப்பளை ரோட்டு

கடைசியா ஒண்டு, இது நிலத்துக்குள்ள இருந்து கிளம்பின சிலைக்கு. வயல் உழேக்கயோ குளம் திருத்தேக்கயோ பச்சைப் பிடிச்ச உலோகம் தட்டுப்பட்டால் மண்வெட்டியை நிப்பாட்டுங்கோ. எங்கட மண்ணில அது சிலையாத்தான் இருக்கோணும் எண்டில்லை, வெடிக்காத குண்டாவும் இருக்கலாம். சிலை எண்டு தெரிஞ்சாலும் மண்ணைக் கழுவாதேங்கோ, புளி போடாதேங்கோ. ஒட்டியிருக்கிற மண்ணும் களிம்பும்தான் காலத்தைச் சொல்லும். 1815 மார்ச் 2க்கு முந்தினது எண்டால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அது அரசுக்குரியது. இடத்தைப் படம் எடுத்து, கிராம சேவையாளரிட்ட எழுத்தில அறிவிச்சு, அந்தக் கடிதத்தின்ர ஒரு பிரதியை உங்களிட்ட வைச்சிருங்கோ.