டொச்சில் (ஜெர்மன் மொழியில்) ‘ட்டெ’ இறந்தகாலம்: உங்களுக்கு எங்கே இடறியது?

பேர்ன், சுவிஸ்:
வந்த நாளிலிருந்து என் காதில் விழுவது சுவிஸ் டொச்தான். கடையிலும் வேலைத்தலத்திலும் ‘இ ஹா க்மஹ்ட்’ (நான் செய்தேன்) என்றே சொல்வார்கள். அதே பொருள் தரும் ‘இஹ் மஹ்ட்டெ’ என்று ஒருவரும் சொல்வதில்லை, சுவிஸ் பேச்சுவழக்கில் அந்த வடிவமே கிடையாது. மகன் கிரிம் சகோதரர்களின் கதை ஒன்றைச் சத்தமாக வாசித்தபோதுதான் ‘ஸாக்ட்டெ’ (சொன்னான்), ‘வோன்ட்டெ’ (வசித்தான்) என்று வரிக்கு வரி வருவதைக் கவனித்தேன். “அம்மா, இது எழுத்தில மட்டும்தான்” என்றான். விதி என்னவோ சின்னது: ‘லெர்னென்’ (படி) போன்ற வினைச்சொல்லின் கடைசி ‘என்’ஐ வெட்டிவிட்டு ‘ட்டெ’ போட வேண்டும். நானுக்கும் அவனுக்கும் ஒரே வடிவம்: இஹ் லெர்ன்ட்டெ (படித்தேன்), எர் லெர்ன்ட்டெ (படித்தான்). நிகழ்காலப் பழக்கத்தில் ‘எர் லெர்ன்ட்டெட்’ என்று எழுதத்தான் கை போகும். அந்தக் கடைசி ‘ட்’ ‘ஈர்’க்கு (நீங்கள் எல்லோரும்) உரியது.

ஜெர்மனி, நர்ஸ்:
அக்கா, அந்தச் சின்ன விதி எங்கள் வார்டில் அப்படியே எடுபடாது. எங்களுக்குத் தினமும் வேண்டியவை ‘ஹூஸ்ட்டென்’ (இருமு), ‘ப்ளூட்டென்’ (ரத்தம் வடி), ‘ஆட்மென்’ (மூச்சு விடு). முதல் இரண்டிலும் ‘என்’ போனதும் ‘ட்’ நிற்கும், அதன்மேல் இன்னொரு ‘ட்டெ’யைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். அதனால் நடுவே ஒரு ‘எ’ வரும்: ஹூஸ்ட்டெட்டெ, ப்ளூட்டெட்டெ. ‘ஆட்மெட்டெ’யில் ‘ட்’டை ஒட்டி ‘ம்’ நிற்பதால் அங்கேயும் ‘எ’. ‘எஃப்னெட்டெ’ (திறந்தார்) இதே ரகம். ஆனால் ‘லெர்னென்’ தப்பித்துவிடும், ‘ன்’னுக்கு முன்னால் இருப்பது ‘ர்’ ஆயிற்றே. இரவு ஷிப்ட் குறிப்பில் ‘ஹூஸ்ட்டெட்’ என்றால் இருமுகிறார், ‘ஹூஸ்ட்டெட்டெ’ என்றால் இருமினார். காலையில் வரும் டாக்டர் கேட்பதே அதைத்தான்!

மியூனிக்:
பவேரியாவிலும் பேச்சில் இந்த வடிவம் அரிதுதான். ஆனால் ‘வார்’ (இருந்தது) இங்கே பேச்சிலும் சாதாரணமாக வரும், அது இந்த ‘ட்டெ’ விதிக்கு அடங்கும் வினை இல்லை என்றாலும் அதைத்தான் முதலில் பழக வேண்டும் என்பேன். பிரியும் வினைகளையும் கவனியுங்கள். ‘ஐன்கௌஃபென்’ (கடைக்குப் போய்ச் சாமான் வாங்கு) இறந்தகாலத்தில் ‘இஹ் கௌஃப்ட்டெ ஐன்’ ஆகும், ‘ஐன்’ வாக்கியக் கடைசிக்கு ஓடிவிடும். நர்ஸ் தங்கச்சி, ‘ஐன்ஆட்மென்’ (மூச்சை உள்ளிழு) உங்கள் வார்டில் வருமே, அதற்கு ‘ஆட்மெட்டெ ஐன்’ என்று எழுதுங்கள்.